மரக்கன்றும் கிணற்று வாளியும்

சூழலைக் காக்க இரண்டு வழிகள். "அரசியல் வேண்டாம், மரம் நடுவோம்" என்பது ஒரு வழி. கன்று, மண்வெட்டி, ஒரு படம். எவருக்கும் கோபம் வராது. ஆனால் இலங்கையின் வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தபோது, அது போரில் மாண்ட மாவீரரை நினைக்கும் மாதம் என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

மற்ற வழி யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்துக் கிணறு. வாளியை இழுத்தால் நீரின் மேல் எண்ணெய்ப் படலம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. வேலிகளெல்லாம் மேலேதான், சுண்ணாம்புக் கல்லுக்குள் நீருக்கு எல்லை ஏது? எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்டவுடனேயே அது அரசியலாகிவிட்டது. வழக்கு நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் வரை போனது. தனியார் மின் நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது.

மரம் நடுவதைப் பழிக்கவில்லை. என் முற்றத்து வேம்பும் அப்படி வந்ததுதான். ஆனாலும் நான் கிணற்றுக்காரர் பக்கம்.