கயாக் விலாச் சட்டம்: நீராவியா, எபாக்ஸியா?

சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகைக் கட்டக் கிளம்பினால் முதல் குழப்பம் இதுதான்: படகின் உடலைத் தாங்கும் வளைந்த விலாச் சட்டங்களை நீராவியில் மரத்தை இளக்கி வளைப்பதா, மெல்லிய பட்டைகளை அச்சில் வளைத்து எபாக்ஸிப் பசையால் ஒட்டுவதா?

செலவு: நீராவிக்குப் பலகைப் பெட்டியும் கொதிநீரும் போதும். எபாக்ஸிக்குப் பசை, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் என்று காசு கரையும்.

மரம்: நீராவிக்கு ஈரப்பதமுள்ள ஓக், ஆஷ் நல்லது, சூளையில் உலர்த்தியது பட்டென்று முறியும். மரக்கடைகள் உள்ள சுங்கை காடுட் பக்கம் மரம் வாங்கும்போது இதை முதலில் கேளுங்கள். எபாக்ஸிக்கு மெல்லிய உலர்ந்த பட்டைகள்.

நேரம்: 25 மி.மீ. கனத்துக்கு 1 மணி நேர நீராவி என்பது பொதுக் கணக்கு, 6 மி.மீ. சட்டத்துக்குக் கால் மணி. வெளியே எடுத்ததும் சில விநாடிகளில் வளைத்தாக வேண்டும், கூட ஒரு கை அவசியம். எபாக்ஸி இரவு முழுக்க அச்சில் கிடக்கும். நம்மூர்ச் சூட்டில் கிண்ணத்திலேயே இறுகவும் செய்யும்!

சட்டங்கள் நிறைய, துணைக்கு ஆளும் உண்டா? நீராவி. தனியாளா, உலர்ந்த மரம்தான் கிடைத்ததா? சரி, எபாக்ஸி.