ஃப்ளூ ஊசியா, வந்தப்புறம் மாத்திரையா?

எங்க வீட்ல ரெண்டையும் பாத்தாச்சு. ஒரு வருஷம் அப்பாவுக்கு மாத்திரை, அடுத்த வருஷம் எனக்கும் அவருக்கும் ஊசி. முதல்லயே சொல்லிடுறேன், நான் ஊசி கட்சி.

மாத்திரைன்னா டாமிஃப்ளூ, அதாவது ஓசெல்டாமிவிர். 75 மில்லிகிராம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, 5 நாள். சில பேருக்குக் குமட்டும், வாந்தி வரும், சாப்பிட்டுட்டு போட்டா கொஞ்சம் தேவல. மருந்து நல்ல மருந்துதான், ஆனா காய்ச்சல் ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள போட்டாதான் நல்ல பலன், அப்பவும் சுமார் ஒரு நாள் முன்னாடி எழுந்திருப்போம், அவ்ளோதான்.

அந்த 48 மணி நேரம் நம்ம வீட்ல எப்படிப் போகும்? அப்பாவுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் உடம்பு சுட்டுச்சு, ராத்திரி ஒரு டோலோ 650. வெள்ளிக்கிழமை "மழைல நனைஞ்சதுதான்"னு அம்மா நிலவேம்பு கஷாயம் வெச்சாங்க. சனிக்கிழமை கிளினிக், நவம்பர் மாசம்ங்கிறதால டாக்டர் மொதல்ல டெங்கு டெஸ்ட் எழுதுனாரு, அதுல தப்பும் சொல்ல முடியாது. ஞாயிறு லேப் லீவு. திங்கள் டெங்கு இல்லன்னு ரிசல்ட் வந்து, மாத்திரை கைக்கு வர்றப்ப நாலு நாள் ஓடிப்போச்சு. வயசு 68, சுகர் வேற, அதனால லேட்டானாலும் பரவால்லன்னு குடுத்தாங்க, இருமல் போக மூணு வாரம் ஆச்சு.

ஊசிக்கு இந்த ஓட்டமே இல்ல. போட்டு ரெண்டு வாரத்துல எதிர்ப்பு சக்தி வந்துடும். எனக்கு இடது கைல போட்டாங்க, மறுநாள் பஸ்ல மேல் கம்பியப் பிடிக்க கைய தூக்க முடியல, ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. அப்பாவுக்கு லேசா காய்ச்சல், உடம்பு வலி, மறுநாள் சாயங்காலம் எந்திரிச்சு வாக்கிங் போயிட்டாரு. உடனே அம்மா "பாத்தியா, ஊசியே ஃப்ளூவக் குடுத்துடுச்சு"ன்னாங்க. இல்ல, அது செத்த வைரஸ், அதால ஃப்ளூ வராது, ஆனா அந்த ரெண்டு வார இடைவெளில வெளிய எங்கயாவது ஒட்டிக்கிட்டா பழி ஊசி மேலதான் விழும். கில்லன் பாரே மாதிரி நரம்புப் பிரச்சினை ரொம்ப அபூர்வம், 10 லட்சத்துல ஒண்ணு ரெண்டு பேர்தான். முன்னாடி இதே ஊசிக்கு பயங்கர அலர்ஜி வந்தவங்க, காய்ச்சலோட இருக்கிறவங்க டாக்டர்ட்ட சொல்லிட்டு முடிவு பண்ணுங்க.

ஊசி ஒண்ணும் கவசம் இல்ல. வைரஸ் மாறிட்டே இருக்கிறதால வருஷா வருஷம் போடணும், நல்லா பொருந்துற வருஷத்துல ஃப்ளூன்னு டாக்டர்ட்ட போற வாய்ப்ப 40ல இருந்து 60 சதவீதம் குறைக்கும், அவ்ளோதான். எங்க அனுபவமும் ஒரே ஒரு சீசன்தான், சின்னக் குழந்தைங்க வீட்ல இல்ல, அதப் பத்தி நான் பேசுறது சரியா இருக்காது. மழைக்காலம் வர்றதுக்குள்ள, செப்டம்பர்லயே போட்டுக்கிட்டோம்.

அம்மா இன்னும் ஒத்துக்கல, கஷாயத்துக்கு நிலவேம்பு பொடி வாங்கி வெச்சிட்டாங்க.