கார் ஏசி கம்ப்ரசர் கத்தினால் பேரிங்கா, ரீகண்டிஷனா, புதுப்பேட்டையா, புதுசா?

லாரிகளுக்கு நடுவே காரை ஓட்டும்போது எதுவும் கேட்கவில்லை. திருவொற்றியூரிலிருந்து சாத்தாங்காடு வழியாக மணலிக்குத் தினமும் போய்வருகிறேன். அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் சொந்த ஹாரனே சரியாகக் கேட்காது. ராத்திரி வீட்டுச் சந்தில் காம்பவுண்டு சுவரை ஒட்டி வண்டியைத் திருப்பும்போதுதான் பிடிபட்டது. ஈர அரிசியை மிக்சியில் போட்ட மாதிரி ஒரு 'கர்ர்ர்'. ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறது, விட்டால் குறைகிறது. ஏசி குளிர்ச்சியில் ஒரு குறையும் இல்லை.

மூன்று பேரிடம் காட்டினேன், அதற்குள் மச்சான் ஒரு யோசனை சொன்னான். ஆக நான்கு பதில், நான்கு விலை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் பானெட்டைத் திறந்து அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "கம்ப்ரசர் போச்சு சார், புதுசு மாட்டணும்" என்றார்கள். டிரையர் (கேஸிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குப்பி), கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். மூலக்கடைப் பக்கம் ஒரு ஏசி கடையில் ரீகண்டிஷன் செய்த கம்ப்ரசர், மாட்டித் தர 11,000. மச்சான், "புதுப்பேட்டைக்கு வா, 5,500-க்கு ஓடுற கம்ப்ரசர் தூக்கிட்டு வரலாம்" என்றான்; பழைய வண்டிகளைப் பிரித்து பார்ட்ஸ் விற்கும் இடம் அது. தண்டையார்பேட்டையில் பாய் ஒருவர் நடத்தும் பழைய மெக்கானிக் கடை உண்டு. அவர் மட்டும் உடனே விலை சொல்லவில்லை, கேள்வி கேட்டார்.

"ஏசி போட்டாதான் கத்துதா, போடாமயே கத்துதா? அத்த சொல்லு தம்பி மொதல்ல."

இந்த ஒரு கேள்விக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், கம்ப்ரசர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு தனித்தனி சமாச்சாரம். முன்னால் இருக்கும் புல்லி, பெல்ட்டோடு சேர்ந்து இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். ஏசி சுவிட்சைப் போட்டால்தான் காயிலில் 12 வோல்ட் பாய்ந்து காந்தமாகி, கிளட்ச் பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். உள்ளே இருக்கும் பிஸ்டன்கள் அப்போதுதான் வேலை செய்யும். ஆக, இப்படிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் ஏசியை நிறுத்திய பிறகும் சத்தம் வந்தால் உள்பாகத்தைக் குறை சொல்ல நியாயமே இல்லை. புல்லி பேரிங்காக இருக்கலாம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனராக இருக்கலாம், பக்கத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டராகக்கூட இருக்கலாம். ஏசி போட்டதும் மட்டும் 'கடகட' என்றால்தான் விஷயம் உள்ளே போகிறது. அப்போதும் முதலில் கம்ப்ரசரைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, ஹோஸ் எதிலாவது உரசுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். போல்ட்டை முறுக்கக் காசு ஆகாது.

என் வண்டியில் ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் அதே சத்தம்தான்.

பாய் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு, முனையை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஆல்டர்னேட்டர் பாடி: ஒன்றுமில்லை. டென்ஷனர் போல்ட்: லேசான முனகல். கம்ப்ரசரின் முன்முகம்: முகத்தைச் சுளித்தார். என்னையும் கேட்கச் சொன்னார், பல்லுக்குள் இறங்கியது அந்தச் சத்தம். (இதை வீட்டில் செய்துபார்ப்பவர்கள் சட்டைக் கையையும் துண்டையும் பெல்ட்டிடம் நெருங்க விடாதீர்கள்.) பிறகு இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றினார். சுற்றும்போது மணல் நெருடியது, அப்படியும் இப்படியும் ஆட்டினால் ஆடியது. அடுத்து அவர் செய்ததைத்தான் பெரிய ஒர்க்‌ஷாப்பில் யாரும் செய்யவில்லை. புல்லியை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் கிளட்ச் பிளேட்டை மட்டும் பிடித்துச் சுற்றினார். அது உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டோடு சேர்ந்தது. வெண்ணெயில் கத்தி போல, ஒரே சீரான இறுக்கத்தோடு சுற்றியது. "உள்ள நல்லாகீது. பேரிங்தான்."

31,000-க்கும் 2,400-க்கும் நடுவே இருந்தது இந்தப் பத்து நிமிஷம்தான். அவர் கேட்ட 2,400-இல் பேரிங், கூலி இரண்டும் அடக்கம்.

பேரிங் மாற்றுவது மலிவாக முடியும் காரணம் பேரிங்கின் விலை மட்டுமல்ல, கேஸை வெளியே விடத் தேவையில்லை என்பதுதான். நடு நட்டைக் கழற்றி, பிளேட்டை எடுத்து, லாக்கை நீக்கினால் புல்லி வந்துவிடும். இடம் போதாத வண்டிகளில் கம்ப்ரசரைக் கழற்றி, ஹோஸ் பிரியாமல் ஓரமாகத் தொங்கவிட்டுச் செய்வார்கள். பழைய பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, புதியதை இறக்க வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றுபவரிடம் கொடுக்காதீர்கள், நாலு மாதத்தில் திரும்பக் கத்தும். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்ற வரிசையில் 35-55-20, 30-55-23 என்று மில்லிமீட்டரில் அளவு உண்டு. பழசை அளந்துதான் வாங்க வேண்டும், வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கினால் மாறிப்போகும்.

என் பேரிங் ஏன் போனது என்பதற்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வண்டி பம்பர் அளவு தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. நிறைய வண்டிகளில் கம்ப்ரசர் இன்ஜினின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். பேரிங் சீல் வழியே தண்ணீர் போனால் உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டுவிடும், சத்தம் மெதுவாகத்தான் தலைகாட்டும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநாளில் துணிந்து இறங்குபவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

பேரிங் மட்டுமா, கிளட்ச் செட் முழுசாகவா? பிளேட்டைக் கழற்றியதும் முகத்தைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ, தட்டு மாதிரி பள்ளம் விழுந்திருந்தாலோ, அது வழுக்கி வழுக்கிச் சூடாகியிருக்கிறது. அந்தச் சூடு பேரிங் கிரீஸை உருக்கும், பின்னாலிருக்கும் காயிலையும் தீய்க்கும். அப்போது பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண். காயிலை மல்டிமீட்டரில் வைத்தால் பெரும்பாலும் 3 முதல் 4 ஓம் காட்டும். ஓம் எண்ணே காட்டாமல் 'OL' என்று நின்றால் உள்ளே வயர் அறுந்துவிட்டது. பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். தேய்ந்து கூடிப்போனால் காந்தம் இழுக்கத் திணறும், ஒட்டும்போது 'க்ரீச்' என்று கத்தும். நடுவிலிருக்கும் சின்ன ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றை எடுத்தாலே பல வண்டிகளில் இது தீரும். இதற்குப் போய் கம்ப்ரசரையே மாற்றிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி உள்பாகமே போன கம்ப்ரசருக்கு வருவோம். இங்கேதான் மற்ற மூன்று வழிகளுக்கும் உண்மையான போட்டி. இதற்கு என் வண்டி உதவாது, மச்சானின் வண்டிதான் பாடம்.

போன வருஷம் அவன் காரில் ஏசி போட்டால் மட்டும் 'கடகட'. புதுப்பேட்டையில் ஒன்று வாங்கினான், வந்தது, மாட்டினான், ஓடியது. நாலாவது மாதம் அதுவும் கத்தி நின்றது. கழற்றியபோது எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டினார்கள். சாம்பல் நிறம், வெயிலில் சாய்த்தால் ஜிகினா தூவியது போல மினுமினுப்பு. முதல் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து உதிர்ந்த உலோகத்தூள் அது. கம்ப்ரசரை மாற்றினான், தூளை எடுக்கவில்லை. அது கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரிலும், டிரையரிலும், கேஸைக் குளிர விரியவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வு வாயிலும் உட்கார்ந்திருந்தது, இரண்டாவதையும் தின்றது. இப்போதைய கண்டென்சர்களின் குழாய்க்குள் முடி மாதிரி நுண்ணிய பல வழிகள் ஓடுகின்றன. அதற்குள் போன தூளைக் கழுவி எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். அவன் தப்பு புதுப்பேட்டைக்குப் போனது அல்ல. புத்தம் புதியதை மாட்டியிருந்தாலும் அதுவும் போயிருக்கும், இன்னும் பெரிய தொகையோடு.

ஆகவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் வெள்ளைத் துணியைப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக இருந்தால் எல்லா வழியும் திறந்திருக்கிறது. மினுமினுத்தால் கம்ப்ரசரோடு கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றும் போய்த்தான் ஆக வேண்டும். அப்படிச் செலவு செய்த பிறகு 5,500 ரூபாய்ப் பழசை மாட்டுவது, பட்டுப்புடவைக்குக் கிழிந்த உள்பாவாடை கட்டுகிற கதை. அங்கே புதியதுதான் சரி.

ரீகண்டிஷன் விஷயத்தில் எனக்கு அரை மனசுதான். அந்த வார்த்தைக்குள் என்னென்ன அடங்கும் என்பது கடைக்குக் கடை மாறுகிறது. நல்ல கை என்றால் பிரித்து, ஷாஃப்ட் சீல், ஓ-ரிங், பேரிங் எல்லாம் மாற்றி, நைட்ரஜன் அடித்து லீக் பார்த்துத் தருவார்கள். சீல் வழியே மட்டும் எண்ணெய் கசிந்த கம்ப்ரசருக்கு இதுவே சிறந்த வழி என்பேன், புதியதைவிடவும். ஏனென்றால் அது உங்கள் வண்டியில் பிறந்தது, பொருந்துமா என்ற கேள்வியே இல்லை. மோசமான கை என்றால் பெட்ரோலில் கழுவி, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்துத் தருவார்கள். தேய்ந்த பிஸ்டனையும் அதைத் தள்ளும் சாய்தட்டையும் எந்தப் பெயின்டும் வளர்க்காது. மூலக்கடைக் கடைக்காரரிடம், "என் கம்ப்ரசரையே என் முன்னால் பிரித்துச் செய்து தருகிறீர்களா?" என்று கேட்டேன். "அதுக்கு ரெண்டு நாள் ஆகும், இது ரெடியா இருக்கு" என்று அலமாரியில் பளபளத்த ஒன்றைக் காட்டினார். அங்கேயே கும்பிடு போட்டுவிட்டேன்.

புதுப்பேட்டையை ஒரேயடியாகத் தள்ளுகிறவன் அல்ல நான். பார்ட்ஸ் வருவதே நின்றுபோன பழைய மாடலுக்கு அதுதான் கதி. விற்கப்போகிற வண்டிக்கும் ஓகே. ஆனால் வாய் மூடாமல் வெயிலில் கிடக்கும் கம்ப்ரசரைத் தொடாதீர்கள். ஆர்-134ஏ என்ற ஏசி கேஸோடு சுற்றும் பி.ஏ.ஜி என்ற கம்ப்ரசர் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் கடலோரக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு வாயிலும் மூடி இருக்க வேண்டும், பிளேட்டைச் சுற்றினால் சீராகச் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் வரும் எண்ணெய் கருகல் வாடை அடிக்கக் கூடாது, புல்லியில் பெல்ட் ஓடும் வரிகளின் எண்ணிக்கை உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் பார்த்து வாங்கினாலும் கேஸ், வேக்யூம் (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது), கூலி எல்லாம் புதியதற்கு ஆகிற அதே செலவுதான். ஆறு மாதத்தில் இன்னொரு தடவை அதே செலவு என்றால் 5,500 எங்கே நிற்கிறது என்று கூட்டிப் பார்க்கலாம். டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு வண்டி நிற்கிற நாளின் வருமானமும் அதில் சேரும்.

எதையுமே மாற்றாமல் தீரும் சத்தமும் உண்டு. எண்ணூர், காசிமேடு, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஓடும் வண்டிகளின் கண்டென்சரை ஒரு தரம் டார்ச் அடித்துப் பாருங்கள்: சாம்பல், நிலக்கரித் தூள், லாரிப் புழுதி எல்லாம் உப்போடு சேர்ந்து அப்பிக்கொண்டிருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் ஹை சைடில், அதாவது கம்ப்ரசர் கேஸைத் தள்ளும் பக்கத்தில், அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் மூச்சிரைத்துக் கனத்த குரலில் உறுமும். உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவி, ஃபேன் இரண்டு வேகத்திலும் சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும். கேஸ் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தாலும் இதே உறுமல்தான். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். சின்னக் கார்களுக்கு அரை கிலோவை ஒட்டித்தான் வரும். எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். "கை வெச்சுப் பார்த்தா தெரியும் சார்" என்பவரிடம் வேண்டாம்.

"கேஸ் கம்மி" என்று வருஷாவருஷம் மேலே மேலே ஏற்றிக்கொள்வதும் ஆபத்து. கேஸ் தானாகத் தீர்வதில்லை, கசிகிறது. கம்ப்ரசருக்குப் போகும் எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெயும் திரும்பி வராது, உள்பாகம் உலர்ந்து தேயும். மச்சான் வண்டியின் முதல் கம்ப்ரசர் அப்படித்தான் செத்திருக்கும் என்பது பாயின் ஊகம். மூன்று கோடை தொடர்ந்து 'டாப் அப்' செய்தவன் அவன்.

புதிய மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில கம்ப்ரசர்களில் கிளட்ச்சே கிடையாது, ஏசி போடாவிட்டாலும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பாயின் முதல் கேள்வி அந்த வண்டிகளில் செல்லாது. அங்கே கேஜ் மாட்டி அழுத்தமும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பேரிங் மாற்றி இப்போது இரண்டு மாதமாகிறது. டென்ஷனரில் கேட்ட அந்த லேசான முனகல் மட்டும் இன்னும் இருக்கிறது. "அது ஓடட்டும், பெல்ட் மாத்தும்போது சேர்த்து மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார் பாய். மச்சான் கண்டென்சருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.