பழைய காரின் அடியில் விழும் சொட்டுகள்: என் ஏழு வருட அனுபவம்

2018 மார்கழியில் ஒரு விடியற்காலை. வாசல் தெளிக்கப் போன அம்மா உள்ளே வந்து, "கண்ணு, வண்டிக்கு அடியில என்னமோ கருப்பா கெடக்கு, வெளக்குமாத்துல எல்லாம் ஒட்டுது" என்றார். 2004-ல் அப்பா வாங்கிய சின்ன பெட்ரோல் கார் அது, 1.1 லிட்டர் எஞ்சின். அன்று 96,000 கி.மீ. ஓடியிருந்தது, இன்று 1,48,000. இந்த இடைவெளியில் எஞ்சின் ஆயில், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில், கியர் ஆயில் நான்குமே ஒவ்வொரு சமயத்தில் ஒழுகின. நான்கையும் நிறுத்தியிருக்கிறேன். அதற்குப் போன பணத்தில் பாதி, ஒழுகும் இடத்தைத் தப்பாகக் கணித்ததால் போனது.

முதலில் காட்டிய பட்டறையில் வண்டியை ராம்ப்பில் ஏற்றியதும் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் சொட்டுகிறது, அதனால் கிராங்க்கின், அதாவது எஞ்சினின் சுழல் தண்டின், பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸ் இறக்க வேண்டும், கிளச்சும் சேர்த்து 9,500 ரூபாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் ஒரு சின்னக் கணக்கு. இருபது சொட்டு சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லி. ராத்திரி முழுக்க முப்பது சொட்டு விழுந்தாலும் மாதத்துக்கு ஐம்பது மில்லியைத் தாண்டாது. ஆனால் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் மாதம் அரை லிட்டர் குறைவு காட்டியது, சைலன்சரில் புகையும் இல்லை, அதாவது ஆயில் உள்ளே எரியவில்லை. அப்படியானால் நிற்கும்போது போவதைவிட ஓடும்போதுதான் அதிகம் போகிறது. ஓடும்போது மட்டும் ஆயில் அழுத்தத்தில் நிற்கும் இடங்களை முதலில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தெருமுனையில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. "முதல்ல கழுவுங்க சார். இவ்வளவு அழுக்குல கடவுள் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். எஞ்சின் ஆறிய பிறகு ஆல்டர்நேட்டரையும் வயர் கனெக்டர்களையும் பாலிதீன் கவரால் மூடிக்கொண்டு, டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசினோம். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகமுள்ள பக்கமெல்லாம் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவினோம். ஓமலூர் வரை போய்த் திரும்பி வந்து டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் ஆயில் ஓடிய தடம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

ஒழுக்கு இரண்டு இடத்தில். ஆயில் பிரஷர் சுவிட்ச்சின் வயர் மாட்டும் முனை வழியாகவே ஆயில் கசிந்தது. ஓடும்போது போனது அதுதான். இன்னொன்று எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் ரப்பர் பேக்கிங்கில் பின்பக்க ஓரம். அங்கிருந்து வழிந்தது எஞ்சினை ஒட்டியே இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் போய்ச் சொட்டியது. கிராங்க் சீல் நன்றாகவே இருந்தது. ஆயில் கீழ்நோக்கி வழியும், வண்டி ஓடும்போது காற்றில் பின்னாலும் தள்ளப்படும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் பார்த்தால் போதாது. ஈரம் தெரிகிற இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னாலும் இருக்கிறதோ, அங்கேதான் தொடங்க வேண்டும். சுவிட்ச், பேக்கிங், கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாயில் முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். பதினாலே மாதத்தில், 2020-ல், அதே பேக்கிங் மறுபடி கசிந்தது. விலை குறைந்த பேக்கிங் போட்டது ஒரு தவறு. கழற்றியபோது அப்பளம் மாதிரி உடைந்தது. ஆனால் அசல் காரணம் பி.சி.வி. வால்வு. எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாண்டி வரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் சின்ன வால்வு அது. கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். என்னுடையது கரி பிடித்து ஊமையாக இருந்தது. வாயு போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. வால்வு 240 ரூபாய். அதோடு கம்பெனி பேக்கிங்கும் போட்டு ஐந்து வருடமாகிறது, அந்த இடம் இன்றும் காய்ந்தே இருக்கிறது. புதுப் பேக்கிங் போடுமுன் அந்த வால்வைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டேப்பட் கவர் போல்ட்டை வெறி கொண்டு முறுக்கவும் விடாதீர்கள். இப்படிப்பட்ட சின்ன எஞ்சின்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கே போதும். அதிகமானால் ரப்பர் நசுங்கி அங்கேயே வழி விடும்.

கூலன்ட் 2021-ல் படுத்தியது. தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆனால் வாரம் ஒருமுறை ரிசர்வ் டப்பா இறங்கியது. சூடான எஞ்சின்மேல் விழும் கூலன்ட் அங்கேயே ஆவியாகிவிடும், தடம்தான் மிஞ்சும். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியே வெளியேறும்படி வேண்டுமென்றே வைத்த துளை. அதைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெளிர்பச்சைப் படிவு. என் காரில் டைமிங் பெல்ட்டை (எஞ்சின் வால்வுகளைக் கிராங்க்கோடு இணைத்து ஓட்டும் பெல்ட்) கழற்றினால்தான் பம்ப்புக்குக் கை போகும் என்பதால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றினேன். பழைய பம்ப்பின் உள்ளே துரு. முன்னே எப்போதோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சேலத்துக்குப் பனி உறைவு இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவைத் தடுக்கவும், கொதிநிலையை உயர்த்தவும்தான். டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறேன். வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போட்டு வீடு வந்து சேரும் வித்தை நம் ஊரில் பலருக்குத் தெரியும். வந்து சேர்ந்ததும் அதைக் கழுவி எடுத்துவிடுங்கள், மெல்லிய குழாய்களை அது அடைத்துவிடும். தரையில் சிந்திய கூலன்ட்டை உடனே தண்ணீர் விட்டு அலசுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும். எத்திலீன் கிளைக்கால் அவற்றின் சிறுநீரகத்தைக் கொன்றுவிடும்.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். பிரேக் ஆயிலை ஒரு நாள்கூட முடியாது.

2022 மே மாதம், ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்ப இருந்த முந்தைய சாயங்காலம். டயருக்குக் காற்று பார்க்கக் குனிந்தபோது இடது பின் டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. தொட்டால் வழவழப்பு, ஆனால் எஞ்சின் ஆயில் போலக் கருப்பில்லை, ஏறக்குறைய நிறமே இல்லை. பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பா குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே. பயணத்தை அங்கேயே நிறுத்தினேன். பிள்ளைகள் அழுதார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய வண்டி அது.

மறுநாள் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாகத் தூக்கியதும் உள்ளிருந்து கொட்டியது. ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வயதுதான்; இரண்டையும் புதிதாக மாற்றினோம். ஆயிலில் ஊறிய பிரேக் ஷூவைக் கழுவிப் போடலாம் என்று உதவிப் பையன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஊறிய ஷூ மறுபடி ஒழுங்காகப் பிடிக்காது. பெட்ரோலில் கழுவ எடுத்த பாகங்களையும் வாங்கிப் புது பிரேக் ஆயிலிலேயே கழுவச் சொன்னேன். பெட்ரோலோ டீசலோ பட்டால் பிரேக் ரப்பர் உப்பிவிடும். பிறகு லைன் முழுக்கப் பழைய ஆயிலை வெளியேற்றி, காற்றெடுத்து, புதிது நிரப்பினோம். நான் ஊற்றும் டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதிதில் குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் உறிஞ்சிய நிலையில் அது 140 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகப் போகும். அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒழுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றுகிறேன்.

2023-ல் வந்த கியர் ஆயில் ஒழுக்கு எளிது. கந்தக நாற்றம் மூக்கிலேயே சொல்லிவிட்டது. இடது ஆக்சில் சீல், 180 ரூபாய்.

ஏ.சி. போட்ட நாளில் முன் இருக்கைக்கு நேர் கீழே சொட்டும் தெளிந்த தண்ணீர் ஒழுக்கல்ல. அதைக் கண்டு பயந்து எனக்குப் போன் செய்தவர்கள் மூன்று பேர்.

இப்போதும் ஞாயிறு ராத்திரி ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கடியில் விரித்து, நான்கு டயரும் எங்கே நிற்கிறது என்று பேனாவால் குறித்துவைக்கிறேன். காலையில் சொட்டு இருந்தால் எந்தப் பாகத்தின் கீழே என்று அட்டையே காட்டும். போன மாதத்திலிருந்து கிராங்க்கின் முன் சீல் ஓரத்தில் லேசான ஈரம், அட்டையில் இரண்டு புள்ளி. டிப் ஸ்டிக் இன்னும் அசையவில்லை. அடுத்த டைமிங் பெல்ட்டுக்கு எப்படியும் அந்தப் பக்கம் கழற்றத்தான் வேண்டும். சீலை வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன்.