அவுரி ஒப்பந்தம் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரி பக்கம் இந்தப் பருவத்துக்கு அவுரி விதைக்கச் சொல்லி ஏஜென்டுகள் ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறார்கள். "விதை நாங்க தாறோம், மருந்து நாங்க தாறோம், விளைஞ்சத மொத்தமா நாங்களே எடுத்துக்கிடுதோம் அண்ணாச்சி" என்பதுதான் பேச்சு. போன பருவத்தில் என்னிடமும் இதையேதான் சொன்னார்கள். கையெழுத்துப் போடுமுன் எனக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயிரின் மேல் எனக்குக் குறை இல்லை. நீலச்சாயம் எடுக்கிற அவுரி இல்லை இது, நாட்டுமருந்துக் கடையில் நிலாவாரை என்று கேட்டு வாங்குகிற இலை. வெளிநாட்டு மருந்துச் சந்தையில் இதற்கு நம் திருநெல்வேலியின் பெயர்தான், 'டின்னவெலி சென்னா' என்பார்கள். மலச்சிக்கல் மருந்துக்காக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. தண்ணீர் தேங்காத செம்மண் என்றால் மானாவாரியிலேயே வந்துவிடும். ஆடுமாடும் அவ்வளவாக வாய் வைக்காது.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. ஏஜென்ட் வாசித்துச் சொன்னபோது விலை இருந்தது, முழுக் கொள்முதல் என்ற உறுதி இருந்தது. 'கம்பெனி தரத்துக்கு உட்பட்டு' என்ற வரி மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. தகராறு வந்தபிறகுதான் அதை எடுத்துக் காட்டினார்கள். நகல் கேட்டதற்கு, "கம்பெனி சீல் போட்டு வந்ததும் தாறேன்" என்றார். இன்றுவரை தரவில்லை.

இலையில் புழு விழுந்தபோது மருந்துப் பாட்டிலை அவரே கொண்டுவந்தார். எவ்வளவு அடிக்க வேண்டும், எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். விலையை என் கணக்கில் எழுதிக்கொண்டார், பில் கிடையாது. அவர் சொன்னபடிதான் அடித்தோம். பூ எடுக்கும் முன் பறித்து, நிழலில் மெல்லிசாகப் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்தோம். இலை கறுக்காமல், மஞ்சள் கலந்த பச்சையில் சத்தமிட்டு நொறுங்கியது. இந்த வேலை என் வீட்டுப் பெண்களுக்குக் கைவந்த வேலை.

அதற்கப்புறம்தான் எல்லாம் மாறியது. லாரி இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இழுத்தார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை. இடையில் மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகளைக் கட்டைமேல் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் காப்பாற்றினோம். ஒருவழியாக ஆள் வந்து, இரண்டு மூட்டையின் வாயைப் பிரித்து, மேலாக ஒரு பிடி இலையைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு போனார். சீல் வைக்கவில்லை. பையில் என் பெயரைக்கூட எழுதவில்லை.

முடிவு போனில் வந்தது. "மருந்து மிச்சம் கூடுதலா இருக்கு, சென்னோசைடும் கம்மி. கழிவு ரேட்டுக்குன்னா எடுத்துக்கிடுதோம்." அதாவது அடித்த பூச்சிமருந்தின் மிச்சம் இலையில் கூடுதலாம், சென்னோசைடு என்கிற மலமிளக்கிச் சத்து குறைவாம். அந்தக் கழிவு ரேட்டோ பேசிய விலையில் பாதிகூட இல்லை. மருந்தைக் கொடுத்ததே நீங்கள்தானே என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. ஆய்வக அறிக்கையைக் கேட்டால் கம்பெனி ரகசியமாம். மழைக்காலத்தில் இலையை வீட்டில் வைத்திருக்க முடியாது, வேறு வியாபாரியும் உடனே வரமாட்டார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூட்டையை ஏற்றியபோது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்து ஊரில் 'பாஸ்' ஆன சரக்கு அதே லாரியில் இருந்தது. அதோடு சேர்த்தே என் மூட்டைகளையும் அடுக்கினார்கள். பிரித்து வைக்கவில்லை, சாக்கில் ஒரு குறிகூடப் போடவில்லை. உண்மையிலேயே மருந்து மிச்சம் கூடிய சரக்கு என்றால் நல்ல சரக்கோடு யாராவது கலப்பார்களா? வெளிநாட்டில் சோதனையில் சிக்கினால் மொத்த கண்டெய்னரும் போய்விடுமே. என் இலையில் குறை இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். விலையைக் குறைக்கத்தான் தரம் என்ற பேச்சு. அப்புறம் சாக்குக் கழிவு என்று மூட்டைக்கு இரண்டு கிலோ, விதைப் பணம், மருந்துப் பணம் எல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள்.

தரம் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிமருந்துக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். பச்சை இலை காய்ந்து எடை குறையும்போது அதிலுள்ள மருந்து மிச்சம் அடர்ந்துவிடும் என்பதால் நாமும் கவனமாகத்தான் இருக்க வேண்டும். கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு மாதிரிக் களைச்செடி இலையோடு கலந்துவிடக் கூடாது. அவற்றிலுள்ள நச்சுக்கும் உலர்மூலிகைகளில் அங்கே 2022 ஜூலை முதல் வரம்பு உண்டு. இலை முற்றினால் சென்னோசைடு குறையும். இதெல்லாம் உண்மையான விதிகள். இவற்றை விதைப்புக்கு முன்பே எண்ணோடு எழுதிக் கொடுத்தால் நம் ஆட்களால் செய்ய முடியும். மாதிரியும் அறிக்கையும் அவர்கள் கையில் மட்டும் இருக்கும்போது எந்த இலையையும் எப்போது வேண்டுமானாலும் கழிவு என்று சொல்லிவிடலாம்.

ஆகவே சென்னோசைடு எத்தனை சதவீதம், ஈரம் எத்தனை சதவீதம், எந்தெந்த மருந்து அடிக்கக் கூடாது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் தமிழில் இருக்கட்டும். நகல் கைக்கு வரும்வரை விதையை வாங்காதீர்கள். அறுவடை முடிந்து எத்தனை நாளில் சரக்கை எடுக்க வேண்டும், தாமதித்தால் சேதம் யாருடையது என்பதும் அதில் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் மாதிரி எடுக்கிற முறை. பல மூட்டைகளில், மேலும் நடுவும் அடியுமாக எடுத்துக் கலந்து, மூன்று பங்காக்கி, இரு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைக்க வேண்டும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று நமக்கு, ஒன்று பொதுவில். தகராறு வந்தால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் பொதுப் பங்கை அனுப்பலாம். இதற்குச் சம்மதிக்காத ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2019-இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்திருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தை அதற்கான அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். என்னுடையதைப் பதிவே செய்யவில்லை என்று விசாரித்தபிறகுதான் தெரிந்தது. பதிவு எண் கேளுங்கள். இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். தனியாளாகக் கொடுப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் கவனிப்பார்கள். இதே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் எடைச்சீட்டு, பணம் பிடித்த துண்டுச்சீட்டு, போனில் வந்த செய்தி எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அவர்கள் கொடுத்த மருந்துப் பாட்டில் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையும் பத்திரமாகக் கட்டி எடுத்து வாருங்கள்.