கூடலூர்–தலச்சேரி ஒரு நாள் வேன் சுற்றுலா: கோட்டைக்கு நாற்பது நிமிடம் போதாது

கூடலூரில் விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு, கேரளக் கடற்கரை நகரான தலச்சேரியைக் காட்டி, அன்றிரவே திரும்பக் கொண்டுவந்து விடும் வேன் சுற்றுலாவுக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். தலைக்கு 1,400 ரூபாய். சாப்பாட்டுச் செலவு தனி. ஓட்டுநர் மானந்தவாடிக்கு அப்பாலுள்ள மலைப்பாதையின் வளைவுகளில் ஒருமுறைகூட அவசரப்படவில்லை. வழக்கமாக வாந்தி எடுக்கும் என் மகள் தூங்கியபடியே மலையிறங்கினாள்.

தலச்சேரியில் முதலில் பார்க்க வேண்டியது கோட்டை. மலபார் மிளகு வணிகத்தைக் காக்க கிழக்கிந்தியக் கம்பெனி 1708இல் எழுப்பிய அந்தச் செம்புரைக்கல் சுவரில் கைவைத்தால், கல்லின் பொத்தல்களில் விரல்நுனி பதிந்து செந்தூள் ஒட்டிக்கொள்கிறது. மைசூர்ப் படை ஓராண்டுக்கும் மேலாக முற்றுகையிட்டும் தலச்சேரி விழவில்லை. 1782 ஜனவரியில் உள்ளேயிருந்தவர்கள் வெளியே பாய்ந்து தாக்கி முற்றுகையை உடைத்தார்கள். மைசூருக்கு எதிராகக் கம்பெனியோடு நின்ற மலபார் சிற்றரசர் பழசி ராஜா, தம் நாட்டின் வரி வசூலைக் கம்பெனி தம் மாமனிடம் ஒப்படைத்தபின் அதற்கே பகைவராகி, குறிச்சியர் என்னும் பழங்குடியினரின் துணையோடு வயநாட்டுக் காடுகளில் போரிட்டு, 1805 நவம்பர் 30இல் உயிர்நீத்தார். அவரைத் தேடிச் சென்ற படையை நடத்தியவர் தலச்சேரி சப்-கலெக்டர் தாமஸ் பேபர்.

இதெல்லாம் அயலூர்க் கதையன்று. 1877இல் நீலகிரியோடு சேர்க்கப்படும்வரை கூடலூர், பந்தலூர் வட்டாரமும் மலபாரின் வயநாட்டைச் சேர்ந்ததுதான். முற்றத்தில் குறுமிளகு காயவைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், அந்த மிளகுக்காக எழுந்த சுவரை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆகவேதான் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன், ஊர் ஊராக ஆளேற்றிக்கொண்டு ஆறேகாலுக்குத்தான் கூடலூர் எல்லையைத் தாண்டியது. அதனால் கோட்டைக்கு நாற்பது நிமிடமே கிடைத்தது. துணிக்கடைக்கோ ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினார்கள். மதியம் சாப்பிட்ட கைமா என்னும் சிறுமணி அரிசியில் செய்த பிரியாணி, குழையாமல் நெய் மணத்தோடு அருமையாக இருந்தது. சரக்கு ஏற்றியிறக்க 1910இல் கட்டிய கடல்பாலத்தைத் தூரத்திலிருந்தே காட்டினார்கள்.

மானந்தவாடியில் பழசி ராஜாவின் நினைவிடம் நாம் போகும் வழியிலேயே இருக்கிறது. பயணத் திட்டத்திலும் அச்சிட்டிருந்தார்கள். திரும்பும்போது இருட்டிவிட்டதால் நிறுத்தவில்லை. பதிவு செய்பவர்கள், துணிக்கடையை விட்டுவிட்டுக் காலையிலேயே அங்கே இறக்கிவிடும்படி முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.