ரூ. 85,000 போச்சு: ஆற்றங்கரையில் ஓட்டிப் பார்த்து டவுன்ஹில் சைக்கிள் வாங்காதீர்கள்

போன ஞாயிறு கைமாறியது ரூ. 85,000. மலைச்சரிவில் வேகமாக இறங்கவென்றே செய்த அந்த டவுன்ஹில் சைக்கிள் இன்றைக்குத் திருச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பழைய பொருள் விற்கும் ஒரு ஆப். விற்றவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். முன் சக்கரத்தைப் பிடிக்க, மேலும் கீழும் இரண்டு கிளாம்ப் வைத்த டபுள் கிரவுன் ஃபோர்க், அது அமுங்கும் தூரம் (டிராவல்) 200 மி.மீ., பின்னால் குலுக்கலைத் தாங்கக் காற்றடைத்த ஏர் ஷாக், 203 மி.மீ. பிரேக் டிஸ்க். பார்க்க அணைக்கரைக்கு வரச் சொன்னார். டெல்டாவில் மேடு என்றால் கொள்ளிடக் கரைதானே! "எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓட்டிப் பாருங்கண்ணே" என்று சொல்லி, தன் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டையும் சும்மாவே கொடுத்தார். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். கரையிலிருந்து நாலு தடவை இறக்கியதில் பிரேக் நன்றாகவே பிடித்தது. பிடிக்காமல் என்ன? பத்து விநாடி இறக்கத்தில் எந்த பிரேக் சூடாகும்?

வாங்கிக்கொண்டு போய் இறக்கியது கொல்லிமலையில், 70 கொண்டை ஊசி வளைவு. பத்து வளைவு இறங்குவதற்குள் லீவரை விட்டபிறகும் முன் பிரேக் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டே இருந்தது. பிரித்தால், டாட் 5.1 என்ற பிரேக் திரவம் ஊற்ற வேண்டிய பிரேக்கில் மினரல் ஆயில். டாட் பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் சீல் மினரல் ஆயிலில் ஊறி உப்பிவிடும், பிஸ்டன் உள்ளே திரும்பாது. ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, லீவருக்குள் இருக்கும் சீலும் சேர்ந்தே போச்சு.

ஃபோர்க்கில் செய்தது அதைவிடக் கைகாரத்தனம். டபுள் கிரவுனில் ஸ்டான்ஷன் குழாய்களை, அதாவது ஃபோர்க்கின் மேல் பாதிக் குழாய்களைப், பிடித்திருப்பது கிளாம்ப் போல்ட்தான். அதைத் தளர்த்தி, கோட்டிங் தேய்ந்த பக்கத்தைக் கண்ணில் படாதபடி உள்பக்கம் திருப்பி, மேலே சிலிகான் ஸ்ப்ரே அடித்திருக்கிறார். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய, ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களில் இருக்கும் லோயர் ஆயில் கறுப்புச் சேறாக வந்தது. பின் ஷாக்கில் அடித்த காற்று மறுநாள் காலையில் பாதி இல்லை. ஃபோர்க் நுழையும் முன்பக்கக் குழாயான ஹெட் டியூபின் வெல்டிங் மேல் ஒரு ஸ்டிக்கர், அதற்கடியில் முடி அளவு விரிசல். இதற்கு ரூ. 85,000!

போன் செய்தால், "ஓட்டிப் பாத்துத்தானேண்ணே வாங்குனீங்க?" அடுத்த முறை அடித்தால் பிளாக். ஆப்காரர்கள் "48 மணி நேரத்தில் பதில் வரும்" என்றார்கள். வந்தது, "நேரில் கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று. கூடவே எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. அந்தப் பச்சை டிக், மொபைல் நம்பருக்கு ஓ.டி.பி. வந்ததற்காம்!

பார்க்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. ஸ்டான்ஷனைச் சுற்றி, உள்பக்கமும் நகத்தால் தடவுங்கள். ஸ்டிக்கரை உரிக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். ஷாக்கில் காற்றடித்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். மலை இறங்காமல் பணம் எடுக்காதீர்கள்.

சும்மா வந்த ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே தெர்மாகோல் குறுக்கே வெடித்திருக்கிறது.